வேட்டுப் போடாத ஊர்

அந்த ஓரத்தில் உட்காராதீர்கள் தம்பி. மேலே வக்காக் கொக்கு அடைகிற மரம். எச்சம் சட்டையில் விழுந்தால் சோடா போட்டுத் துவைத்தாலும் போகாது. இப்படி இந்தக் கல்லுக்கு வாருங்கள். மெதுவாக. செருப்பைத் தேய்க்காமல். கேமரா வைத்திருக்கிறவர்கள் எல்லாம் நேராகப் பறவை பார்க்கிற பரணுக்குப் போய்விடுவார்கள், நீங்கள் ஏன் இங்கே நின்றீர்கள் என்று தெரியவில்லை. பரணில் முப்பத்திரண்டு படி. நான் ஏறியதில்லை. ஏறினால் இறக்குவதற்கு நான்கு பேர் வேண்டும்.

நான் பறவை பார்க்க வந்தவள் இல்லை. அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பார்க்கிறவர்கள் தப்பாக நினைத்துக்கொள்கிறார்கள். இவை எப்போது போகும் என்று பார்க்கத்தான் வருகிறேன். புரட்டாசி மாதத்திலிருந்து காலையிலும் சாயங்காலமும் அதற்காகத்தான் வருகிறேன். இன்னும் போகவில்லை.

என் பெயர் அடைக்கி. இந்தச் செம்பனேந்தலுக்கு வாக்கப்பட்டு வந்து இருபத்தொன்பது வருடம் ஆகிறது. இருபத்தெட்டு வருடம் இந்தக் கண்மாய்க்குத் துணி துவைக்கத்தான் வந்திருக்கிறேன். நாரை நின்றால் "சூ" என்று விரட்டிவிட்டுத் துவைப்பேன். அது நாரை என்றுகூடத் தெரியாது, எல்லாமே கொக்குதான் எனக்கு. அப்போது உடம்பு நன்றாக இருந்தது.

இப்போது நெஞ்சில் வால்வு சுருங்கிவிட்டது. சின்ன வயதில் மூட்டுக் காய்ச்சல் வந்தவர்களுக்கு இப்படி ஆகுமாம். எனக்கு ஏழாம் வகுப்பில் வந்தது. ஆறு மாதம் படுத்துக் கிடந்தேன். எழுந்து பார்த்தால் என் ஜோடிப் பிள்ளைகள் எட்டாம் வகுப்புக்குப் போய்விட்டார்கள். சின்னப் பிள்ளைகளோடு உட்கார வெட்கப்பட்டு நின்றுவிட்டேன். படிப்பைக் கெடுத்தது போதாது என்று அந்தக் காய்ச்சல் நாற்பது வருடம் சும்மா இருந்துவிட்டு இப்போது நெஞ்சுக்கு வந்திருக்கிறது. ஒரு காய்ச்சல் இத்தனை காலம் ஒருத்தியை ஞாபகம் வைத்திருக்கும் என்று யார் கண்டார்கள்.

வீட்டிலிருந்து இந்தக் கல் வரைக்கும் நானூற்றுப் பன்னிரண்டு எட்டு வைக்க வேண்டும். நடுவில் மூன்று இடத்தில் நிற்பேன். அடிபம்பில் ஒரு தரம், வேலிக்கருவையில் ஒரு தரம், மடையில் ஒரு தரம். மல்லாந்து படுத்தால் தண்ணீருக்குள் கிடக்கிற மாதிரி இருக்கும். மூன்று தலையணையை அண்டக்கொடுத்து உட்கார்ந்தபடியே தூங்குகிறேன். சாயங்காலமானால் கால் வீங்கிவிடும். இந்தா பாருங்கள், விரலை வைத்து அழுத்தினால் குழி அப்படியே நிற்கிறது. வேண்டாம் என்றால் பார்க்க வேண்டாம்.

ஆடி மாதம் மதுரையில் பெரிய ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனார்கள். டாக்டர் சின்ன வயது. கோயம்புத்தூர்ப் பக்கம் போல, மரியாதையான பேச்சு. படம் எடுத்துப் பார்த்துவிட்டு, "வால்வு மாத்தணுங்கம்மா. அக்டோபர் கடைசில பண்ணிரலாங்க" என்றார்.

நான் விரல் விட்டுப் பார்த்தேன். ஐப்பசி.

"ஏப்ரல்ல வச்சுக்கிருவமா டாக்டர்?"

"ஏனுங்கம்மா? அவ்வளவு நாள் தள்ளக் கூடாதுங்க."

"ஊர்ல கொஞ்சம் தோதுப்படாது."

"பயப்படறீங்களா? நூத்துக்கு நாலஞ்சு பேருக்குத்தானுங்க சிக்கல் வரும்."

அந்த நாலஞ்சு பேரில் நான் ஒருத்தி என்று அப்போதே தெரிந்துவிட்டது. ரேஷன் கடையில் என் முறை வரும்போதுதான் சர்க்கரை தீரும். ஆனால் பயமெல்லாம் இல்லை. சாவு யாருக்கு வராது? என் கணக்கு வேறு.

எங்கள் ஊர்க் கட்டுப்பாடு உங்களுக்குத் தெரியாதல்லவா. இந்தக் கண்மாயில் பறவை இறங்கிக் கூடு கட்டிவிட்டால் ஊரில் வேட்டுக் கிடையாது. கொட்டு கிடையாது. ரேடியோ செட்டு கிடையாது. எங்கள் மாமனாருடைய அப்பா காலத்துக்கும் முன்னாலிருந்து அப்படித்தான். வனத்துறை வந்து போர்டு வைத்ததெல்லாம் பிறகு. தீபாவளிக்கு ஒரு கம்பி மத்தாப்புப் பிள்ளைகள் கொளுத்தும், அதையும் வீட்டுக்குள்ளே. வெடி வெடிக்காத ஊர் என்று வனத்துறையில் வீட்டுக்கு ஒரு பெட்டி இனிப்புக் கொடுப்பார்கள். இரண்டு லட்டு, ஒரு மைசூர்பாகு. அந்த மைசூர்பாகை உடைக்க அம்மிக் குழவி வேண்டும். அதையும் சத்தமில்லாமல் உடைக்க வேண்டும்.

கேளுங்கள், இந்தச் சத்தத்தை. மூக்கைத் தட்டுகிறது ஒன்று, கத்துகிறது ஒன்று, குஞ்சுகள் எல்லாம் சேர்ந்து எண்ணெயில் அப்பளம் போட்ட மாதிரி. நாங்கள்தான் சத்தம் போடக்கூடாது. இவை போடலாம்.

அது போகட்டும். சாவுக்கும் அதே கட்டுப்பாடுதான். அதுதான் விஷயம். பறவைக் காலத்தில் செத்தால் வேட்டு இல்லாமல், கொட்டு இல்லாமல்தான் போக வேண்டும். எங்கள் மாமியார் கார்த்திகையில் போனார்கள். எண்பத்தொரு வயது, பேரன் பேத்தி எடுத்த கட்டை, எவ்வளவு தடபுடலாகப் போயிருக்க வேண்டும்! ஒரு சத்தம் இல்லை. ஒப்பாரிகூட வாய்க்குள்ளேயே வைத்தோம். தெருவோடு தூக்கிப் போனதைக் கடைசி வீட்டுக்காரர்கள் கவனிக்கவே இல்லை. அவர்கள் பாட்டுக்கு டிவி பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, மறுநாள் வந்து, "ஒரு வார்த்தை சொல்லக் கூடாதா மதினி?" என்று என்னிடம் சண்டை பிடித்தார்கள். தூக்கிப் போனதற்குப் பிறகு சொல்ல வேண்டியதாகிவிட்டது ஒரு சாவை.

எங்கள் அம்மா வேறு ஊரில், வைகாசியில் செத்தாள். நாற்பது வேட்டு. தப்புக்காரர்கள் எட்டுப் பேர். பக்கத்து ஊர்க்காரன் எல்லாம் "யாரு? யாரு?" என்று ரோட்டுக்கு வந்து கேட்டான். செத்தால் அப்படி நாலு பேர் கேட்க வேண்டும்.

என் கல்யாணம் தை மாதம் தம்பி. இந்த ஊரில்தான் நடந்தது. தாலி கட்டுகிற நேரத்தில் ஒரு மேளம் இல்லை. கெட்டி மேளத்துக்குப் பதிலாக எங்கள் மாமா கையை மட்டும் தட்டினார். அவரையும் யாரோ அமர்த்திவிட்டார்கள். எனக்கு ஏழாம் வகுப்பில் கிடைத்த பரிசைக்கூடக் காய்ச்சலில் கிடந்ததால் வீட்டில் வந்து கொடுத்துவிட்டுப் போனார்கள், யாரும் கைதட்டவில்லை. இந்த ஊருக்குச் சத்தமில்லாமல் வந்தேன். போகும்போதாவது ஒரு இருபத்தொரு வேட்டு வேண்டும் என்று கேட்பது பெரிய ஆசையா? நீங்களே சொல்லுங்கள்.

ஆகவே முடிவு பண்ணினேன். பங்குனி வரைக்கும் ஆபரேஷன் கிடையாது. பங்குனிக் கடைசியில் பறவை போய்விடும். அதன் பிறகு அறுத்துக்கொள்ளட்டும். பிழைத்தால் பிழைத்தேன், இல்லையென்றால் முறையாகப் போகலாம்.

வீட்டுக்காரரிடம் சொன்னேன். இவர் பெயர் வெள்ளைக்கண்ணு. ஒரு நாளைக்குப் பத்து வார்த்தை பேசினால் அதிகம். "சரி" என்று சொல்லிவிட்டு மாட்டுக் கொட்டத்தைப் போய்க் கூட்டினார். மாடே இல்லாத கொட்டம். பெஞ்சாதி சாகக் கிடக்கும்போது கொட்டத்தைக் கூட்டுகிற ஆளை நீங்கள் எங்கேயாவது பார்த்திருக்கிறீர்களா? மகள் சுகன்யா திருப்பூரில் இருக்கிறாள், அவள்தான் போனில் அழுதாள். "பைத்தியமாம்மா உனக்கு?" என்று கேட்டாள். பெற்ற தாயைக் கேட்கிற கேள்வியா அது?

எனக்கு இன்னொரு வழியும் தோன்றியது. இந்த வருடம் பறவையே வராவிட்டால்? மழை தவறினால் கண்மாய் நிறையாது, கண்மாய் நிறையாவிட்டால் இவை இறங்காது. ஐயனாரிடம் போய் மழை வேண்டாம் என்று வேண்டிக்கொண்டேன். மனசாரத்தான் வேண்டினேன். புரட்டாசி பிறந்து நாலாம் நாள் ஊற்ற ஆரம்பித்தது, மூன்று நாள் விடவில்லை. கண்மாய் நிரம்பிக் கலுங்கு பாய்ந்தது. சொந்த ஊர்ச் சாமி.

அப்போதுதான் நடந்து வந்து பார்க்க ஆரம்பித்தேன், வந்துவிட்டதா என்று. முதல் நாள் ஒன்றுமில்லை. இரண்டாம் நாள் ஒன்றுமில்லை. ஐந்தாம் நாள் அந்தக் கருவேல மரத்தில் ஒன்று நின்றது. ஒற்றைக் காலில். அடுத்த நாள் எண்பது.

இங்கே வாட்சராக இருக்கிறவன் சேவுகன், எனக்குக் கொழுந்தன் முறை. நான் மூச்சு வாங்கிக்கொண்டு மடையில் நிற்பதைப் பார்த்துவிட்டு, "என்ன மதினி, பரணுக்கு டிக்கெட் எடுத்துருக்கியளா?" என்று கேலி பேசினான். பிறகு இந்தக் கல்லை அவன்தான் உருட்டிக்கொண்டு வந்து போட்டான். ஒரு நாள் கழுத்திலிருந்து பைனாகுலரைக் கழற்றி, "சும்மா பாருங்க மதினி, கண்ணு ஒண்ணும் தேஞ்சிராது" என்று கொடுத்தான். பார்த்தேன். தலை சுற்றியது. திருப்பிக் கொடுத்துவிட்டேன். மறுநாளும் தலை சுற்றுகிறதா என்று பார்க்கக் கேட்டு வாங்கினேன். அப்படியே ஒரு பதினைந்து நாள் பார்த்தேன். பிறகு சுற்றவில்லை.

அந்த மூன்றாவது கருவேலம் தெரிகிறதா, தண்ணீருக்குள் நிற்கிறதே? இடப்பக்கக் கவை. கேமராவில் பாருங்கள், நன்றாகத் தெரியும். அது நத்தைக்குத்தி நாரை. மூக்கு நடுவில் சேராது பாருங்கள், பாக்குவெட்டி மாதிரி ஒரு சந்து இருக்கும். ஆனால் குஞ்சுக்கு மூக்கு நேராகத்தான் இருக்கும். வளர வளரத்தான் அந்தச் சந்து விழும். நத்தையைப் பிடிப்பதற்கு அப்படியாம். நான்கு முட்டை. ஒன்று இட்ட அன்றே மழைக் காற்றில் போய்விட்டது. மற்ற மூன்றும் ஐப்பசிக் கடைசியில் ஒன்றொன்றாகப் பொரித்தன. கடைசிக் குஞ்சு சோப்ளாங்கி. மூத்தது இரண்டும் தீனியைப் பிடுங்கிக்கொள்ளும், இது பின்னால் நின்று கழுத்தை நீட்டும். அதற்கு ஒரு வாய் விழுகிற வரைக்கும் நான் எழுந்து போக மாட்டேன். எனக்கு வேறு வேலை என்ன இருக்கிறது?

ஐப்பசிக் கடைசியில் மழை விட்ட நாளில் வெயில் எப்படி அடிக்கும் தெரியுமல்லவா, மண்டையைப் பிளக்கும். அப்போது ஒன்று இறக்கையை விரித்துக்கொண்டு குஞ்சுகளுக்கு மேல் நிழலுக்கு நிற்கும். ஒரு மணி நேரம், இரண்டு மணி நேரம், அசையாது. மற்றது வாயில் தண்ணீர் கொண்டுவந்து குஞ்சு தலையில் விடும். எது ஆண், எது பெண் என்று சேவுகனுக்கே தெரியாது. ஒன்றுக்கொன்று ஒரு பேச்சும் கிடையாது. நாரைக்குக் குரலே இல்லையாம். எப்படிக் குடும்பம் நடத்துகிறதோ!

சுகன்யா சொல்கிறாள், எனக்குப் பறவை மேல் பாசமாம். பாசமும் இல்லை, ஒன்றும் இல்லை. தினமும் எதிரில் இருந்தால் கண் பார்க்கத்தானே செய்யும். சேவுகன் பதிவேட்டில் கரண்டிவாயன் நாற்பது என்று எழுதியிருந்தான். முப்பத்தெட்டுதான், இரண்டு வெறும் கொக்கு. நான் சொல்லித்தான் திருத்தினான். அரசாங்கப் பதிவேட்டில் பொய் எழுதலாமா? அதற்காகச் சொன்னது. இப்போது எழுதுவதற்கு முன்னால் என்னிடம் காட்டுகிறான். எனக்கென்ன சம்பளமா தருகிறார்கள்?

என் கவலை எல்லாம் இப்போது என் வீட்டுக்காரர்தான். ஐப்பசியில் ஒரு நாள் திரும்பிப் பார்த்தால் இவர் மடைக்கு அந்தப் பக்கம் நிற்கிறார். இங்கே சத்தம் போட முடியாதே, கையை ஆட்டி "என்ன?" என்று கேட்டேன். இரண்டு கையையும் தலையில் கொம்பு மாதிரி வைத்துக் காட்டினார். எருமையைத் தேடி வந்தாராம். மறுநாளும் அதே இடம், அதே எருமை. எங்கள் எருமையை விற்று நான்கு வருடம் ஆகிறது தம்பி. இவரே கயிற்றைப் பிடித்துக் கொடுத்தார். மழை பெய்தால் குடை பிடித்துக்கொண்டு எருமை தேடுகிறார். ஒரு குடை தலைக்கு, இன்னொரு குடை கக்கத்தில். எருமைக்குப் போலிருக்கிறது. ஐம்பத்தெட்டு வயதில் இந்த மறதி வரக் கூடாது. என் ஆபரேஷன் முடிந்ததும் முதல் வேலையாக இவரை டாக்டரிடம் காட்ட வேண்டும். யாரிடமும் சொல்லாதீர்கள், மகளுக்கே இன்னும் தெரியாது.

ஐப்பசிக் கடைசியில் மறுபடி ஆஸ்பத்திரிக்குப் போனோம். டாக்டர் படத்தைப் பார்த்துவிட்டுச் சிரிக்கவில்லை. "ஏப்ரல் வரைக்கும் தாங்காதுங்கம்மா. டிசம்பர் தாண்டினா நானே கை வைக்க யோசிப்பேனுங்க" என்றார். பஸ்ஸில் வீட்டுக்காரர் எனக்கு ஜன்னலோரத்தைக் கொடுத்துவிட்டு ஊர் வரைக்கும் டிக்கெட்டையே பார்த்துக்கொண்டு வந்தார்.

எனக்குக் கோபம் வந்தது. யார் மேல் என்று கேட்டால் சொல்லத் தெரியாது. அந்த வெள்ளிக்கிழமை ஊர்க்கூட்டம். ஐயனார் கோயில் முன்னால் கூடுவார்கள். பெண்கள் பின்னால் உட்கார்ந்து கேட்பதோடு சரி. நான் எழுந்து நின்றேன்.

எங்கள் ஊர்த் தலைவர், அம்பலம் முத்துக்கருப்பர், எழுபது வயது. "என்னத்தா அடைக்கி, உக்காந்தே சொல்லு, மூச்சு வாங்குதுல்ல" என்றார்.

"ஆபரேஷனுக்குத் தேதி குடுத்துட்டாக. நான் போகணும்னா ஊரு எனக்கு ஒரு உத்தரவு குடுக்கணும். ஒண்ணுகெடக்க ஒண்ணு ஆயிப்போச்சுன்னா, எனக்கு மட்டும் வேட்டுப் போடணும். இருபத்தொண்ணு."

ஆளுக்கு ஒன்று பேச ஆரம்பித்தார்கள்.

"வேட்டு வேணாம். தப்பு மட்டும் அடிப்போம், மெதுவா."

"மெதுவா அடிக்கிறதுக்கு அது என்ன, வெத்தலையா இடிக்கிறோம்?"

"பொணத்தைப் பக்கத்தூரு எல்லைக்குக் கொண்டு போயி, அங்கன போட்டுட்டுத் தூக்கியாந்துருவோம்."

"அந்த ஊர்க்காரன் நம்ம பொணத்துக்கு அவன் ஊர்ல எதுக்குப்பா எடம் குடுப்பான்?"

"இப்பச் சும்மா கொண்டு போவோம். வருச திதிய ஆடியில வச்சு அன்னைக்குச் சேத்துப் போட்டுருவோம்."

"சேத்தா எத்தனை? நாப்பத்திரண்டா?"

நான் உயிரோடு உட்கார்ந்திருக்கிறேன் தம்பி. என் பிணத்தை வைத்துக்கொண்டு அரை மணி நேரம் பேசினார்கள். நானும் நடுவில் ஒன்றிரண்டு யோசனை சொன்னேன்.

அப்போது என் வீட்டுக்காரர் எழுந்தார். கல்யாணமாகி இருபத்தொன்பது வருடத்தில் கூட்டத்தில் இவர் எழுந்து நான் பார்த்ததில்லை. துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு, "போடுங்கய்யா. கம்மாயில உள்ள பறவை மொத்தமும் பறந்து போனாலும் போகட்டும். அடுத்த வருசம் வராட்டியும் போகட்டும். அவ ஆபரேசனுக்குப் போகணும்" என்றார். குரல் ஒரு மாதிரி ஆகிவிட்டது. ஜலதோஷம். மழையில் எருமை தேடினால் வராமல் என்ன செய்யும்?

அம்பலம் எழுந்து நின்றார். பிறகு, "எங்கப்பனுக்கும் போடலை, எங்காத்தாளுக்கும் போடலை. போகுது. உசுரு பெருசு. அடைக்கிக்கு மட்டும் இருபத்தொரு வேட்டு, ஊரு சம்மதம்" என்றார். பின்னால் உட்கார்ந்திருந்த பெண்கள் மூக்கைச் சிந்தினார்கள். "சம்மதம், சம்மதம்" என்று எல்லாரும் சொன்னார்கள். ஒருவர்கூட மறுக்கவில்லை.

நான் கும்பிட்டுவிட்டு உட்கார்ந்திருக்க வேண்டும். வாய் சும்மா இருந்தால்தானே. "எங்கன வச்சுப் போடுவிய?" என்று கேட்டேன்.

"எங்கன போடுறது? சுடுகாட்டுப் பாதையிலதான். கம்மாக்கரை முக்குல."

கண்மாய்க்கரை முக்கு எது தெரியுமா? இதோ, நீங்கள் வண்டியை நிறுத்தியிருக்கிறீர்களே, அதுதான். அங்கிருந்து மூன்றாவது கருவேலம் எவ்வளவு தூரம்? ஒரு கல் எறிகிற தூரம்.

எனக்கு வந்ததே ஆத்திரம். "உங்களுக்கெல்லாம் அறிவு இருக்கா?" என்று கேட்டேன். அம்பலத்தைப் பார்த்தே கேட்டேன். "குஞ்சு பொரிச்சுப் பன்னண்டு நாளுதான் ஆகுது. இன்னும் பொறந்த மயிருகூட முழுசா உதிரலை. வேட்டுச் சத்தத்துக்குத் தாயி எந்திரிச்சுப் பறந்தா, குஞ்சு தண்ணியில விழுகாதா? விழுந்தத எவன் எடுத்து வப்பான்? மரத்துல முள்ளு. மிச்சத்தக் காக்கா தூக்கிரும். இதுல ஒண்ணு ஏற்கெனவே சவலை. ஒரு மரத்துல பதினாலு கூடு, அந்த வரிசையில அம்பது மரம். ஒருத்தி செத்தான்னு இத்தனை புள்ளையவும் கொல்லுவியளா? நீங்கள்லாம் புள்ளகுட்டி பெத்தவுகதான?" சேவுகன் தலையைக் குனிந்துகொண்டு உட்கார்ந்திருந்தான். அவனையும் விடவில்லை. "சம்பளம் வாங்குறல்ல? நீயும் சம்மதம்னு கைய தூக்குற?"

மூச்சு முட்டிவிட்டது. தண்ணீர் கொடுத்தார்கள். முதுகைத் தடவினார்கள்.

அம்பலம் பொறுமையாகத்தான் கேட்டார். "ஏத்தா, நீதான வேட்டுக் கேட்ட?"

"கேட்டேன். அதுக்காகக் குடுத்துருவியளா? கட்டுப்பாடு கட்டுப்பாடுதான்."

"அப்ப வேட்டு வேணாம்."

"வேணாம்."

"அப்ப ஆபரேசன்?"

நான் என் வீட்டுக்காரரைப் பார்த்தேன். இவர் இன்னும் உட்காரவில்லை. துண்டை அவிழ்த்து மறுபடி கட்டிக்கொண்டு நின்றார். எல்லாரும் என் வாயையே பார்க்கிறார்கள். வேறு என்ன சொல்வது?

"போறேன்" என்றேன். "போயிட்டு வாரேன். பங்குனி முடியிற மட்டும் நான் சாக மாட்டேன். போதுமா?"

யாரும் சிரிக்கவில்லை. அம்பலம் கோயிலுக்குள் போய்த் தட்டை எடுத்துவந்தார். "சபையில சொல்லுற சொல்லு, யோசிச்சுச் சொல்லு" என்றார். திருநீற்றைத் தொட்டு மூன்று தரம் சொன்னேன். மூன்று தரமும் ஊர் "ஆமா" என்றது. சபையில் சொன்ன சொல் தவறினால் ஒரு மாதம் ஐயனார் கோயில் வாசலைக் கூட்ட வேண்டும், அதுதான் வழக்கம். "இந்த விசயத்துல தவறுனா எப்படிய்யா கூட்டுறது?" என்று யாரோ கேட்டார்கள். அம்பலம், "அதெல்லாம் அவ தவற மாட்டா. உக்காருங்கடா" என்றார்.

அது போன வாரத்துக்கு முந்தின வாரம். இன்றைக்கு ராத்திரிக்குள் ஆஸ்பத்திரியில் சேர வேண்டும், நாளைக் காலை ஏழு மணிக்கு அறுக்கிறார்கள். பதினோரு நாள் அங்கே இருக்க வேண்டுமாம். பிறகு ஒன்றரை மாதம் நடக்கக் கூடாதாம். அதற்குள் இந்தச் சோப்ளாங்கி இறக்கை அடிக்கப் பழகிவிடும், நான் பார்க்க முடியாது. அதற்கென்ன, நான் பார்த்தால்தான் பழகுமா? இந்த முந்தானையை இழுத்துப் போர்த்திக்கொள்கிறேன். கார்த்திகையில் இந்தக் கரையில் காற்று அடிக்கும்.

அதோ வருகிறார் பாருங்கள், வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு. கார் வந்துவிட்டது போலிருக்கிறது. இங்கே ஹாரன் அடிக்கக் கூடாது, ஆள்தான் வந்து கூப்பிட வேண்டும்.

"போவமா?"

"இருங்க. அரிவாள்மூக்கன் கூட்டம் இன்னும் அடையலை."

"அடைஞ்சிருச்சு. நூத்திப் பத்து இருக்கும், இப்பத்தான் தெக்குக் கரையில எறங்குச்சு. மூணாவது மரத்துல சின்னதுக்கு ரெண்டு வாயி விழுந்துருச்சு."

இவருக்கு இதெல்லாம் யார் சொன்னது? சேவுகன் வேலையாக இருக்கும். உட்கார்ந்துவிட்டார் பாருங்கள். கார்க்காரன் அங்கே காத்துக்கிடக்கிறான், இவர் சட்டமாக உட்கார்ந்துகொண்டு கண்மாயைப் பார்க்கிறார். எழுந்திருங்க. கையைக் கொடுங்க. அந்தக் கை இல்லை, இந்தக் கை. மெதுவா.

சரி தம்பி, நான் வருகிறேன். நாளைக்கு மயக்க ஊசி போடுகிறதற்கு முன்னால் அந்த டாக்டரிடம் ஒரு வார்த்தை சொல்லிவிட வேண்டும், பங்குனி முடிகிற வரைக்கும் எனக்கு அனுமதி இல்லை என்று. மறந்துவிடக் கூடாது. அவர் வெளியூர்க்காரர். எங்கள் ஊர்க் கட்டுப்பாடு அவருக்கு எப்படித் தெரியும்?